சிறிய கிறிஸ்தவப் பள்ளியில் சேர்க்கும் முன்...

கேள்வி: எங்கள் ஊரில் எல்.கே.ஜி. முதல் பிளஸ் 2 வரை மொத்தமே 200 பிள்ளைகள் படிக்கும் தனியார் கிறிஸ்தவ மெட்ரிக் பள்ளி இருக்கிறது. நாங்கள் இந்துக்கள். மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்கலாமா? இலவச இடம் கிடைக்குமா?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் பள்ளி முதல்வரிடம் முதலில் கேட்க வேண்டியது அங்கீகார ஆணையின் நகல். பெயர்ப்பலகையில் 'மேல்நிலைப் பள்ளி' என்று எழுதியிருந்தால் போதாது. எந்த வகுப்பு வரை, எந்தத் தேதி வரை அங்கீகாரம் என்பது அந்தத் தாளில்தான் இருக்கும். எட்டாம் வகுப்பு வரை மட்டும் அனுமதி வாங்கிவிட்டு ஒன்பது, பத்து நடத்தும் இடங்களில், பிள்ளைகளை வேறொரு பள்ளியின் பெயரில் பொதுத்தேர்வு எழுத வைப்பார்கள். மாற்றுச் சான்றிதழும் அந்தப் பள்ளியின் பெயரில்தான் வரும். ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு தரும் அடையாள எண்ணான யூடைஸ் எண்ணையும் கேளுங்கள். அது 11 இலக்கம். தமிழ்நாட்டில் 33 என்று தொடங்கும். சேர்ந்த பிறகு, பள்ளிக் கல்வித் துறையின் பதிவில் மகளுக்குத் தரப்படும் எமிஸ் எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

சின்னப் பள்ளியின் பலம் கீழ் வகுப்புகளில். ஆசிரியருக்குப் பிள்ளையின் பெயர் மட்டுமல்ல, நேற்று ஏன் வரவில்லை என்பதும் தெரியும். சிக்கல் பிளஸ் 1-இல் வரும். பத்துப் பதினைந்து பேருக்காக நான்கு பாடப் பிரிவுகள் நடத்த முடியாது, ஒன்றிரண்டுதான் இருக்கும். வேதியியல் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பியூரெட்டில் தூசி படிந்து, அமில பாட்டில்களில் லேபிள் மங்கியிருந்தால், அங்கே செய்முறை நடப்பதில்லை. அறிவியல் பாடங்களில் 100-இல் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. இயற்பியலுக்குத் தனி முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா, எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்பதையும் விசாரியுங்கள். ஒருவர் விலகினாலே அந்தப் பாடம் நின்றுபோவது சிறிய பள்ளிகளின் பெரிய பலவீனம்.

இலவச இடம்: தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு இலவச இடம் தரும் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீடு சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பெயரில் 'செயின்ட்' இருப்பதாலேயே அது சிறுபான்மைப் பள்ளி ஆகிவிடாது. அந்தத் தகுதி உண்டா என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் கட்டுவதாக இருந்தால், தனியார் பள்ளிகளுக்கான அரசின் கட்டண நிர்ணயக் குழுவின் ஆணையில் உள்ள தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள்; ரசீது இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

ஜெபம், வேதாகம வகுப்பு பற்றியும் தயக்கம் இருக்கும். அங்கீகாரம் பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் மைனர் பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. பல கத்தோலிக்கப் பள்ளிகளில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு அதே நேரத்தில் நன்னெறி வகுப்பு என்று பிரித்தே நடத்துகிறார்கள். ஆசிரியர் குறைவான பள்ளியில் எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிடுவது உண்டு. எனவே விண்ணப்பத்தில் சம்மத வரி இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். விருப்பமில்லை என்றால் சேர்க்கை நாளிலேயே ஒரு கடிதம் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.