அவுட் என்றால் அவுட்தான்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார், திருவாரூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. கேரமில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் போர்டைக் கலைத்துவிடுகிறான். 'இனிமேல் ஆடவே மாட்டேன்' என்று சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறான். பார்க்கப் பொறுக்காமல் என் மாமனார் தாயத்தில் வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: முதலில் பையன் பக்கம் பேசிவிடுகிறேன், அம்மா. தோற்றால் அழுகிற பிள்ளைக்கு ஆட்டத்தின் மேல் ஆசை இருக்கிறது. ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன என்று நிற்கிற பிள்ளையை மைதானத்துக்குள் இறக்குவதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்திருக்கிறது. அவன் அழட்டும். போர்டைக் கலைத்ததை மட்டும் விடாதீர்கள். சிதறிய காய்களை அவனே பொறுக்கி டப்பாவில் போட வேண்டும். அன்றைக்கு மறு ஆட்டம் கிடையாது. கத்த வேண்டாம், ஒவ்வொரு முறையும் இதுவே நடந்தால் போதும். சாப்பாட்டை இதில் சேர்க்காதீர்கள். அவன் தட்டைப் போட்டுவிட்டு நீங்கள் சாப்பிடுங்கள். பசித்தால் வருவான்.

உங்கள் மாமனாரின் பாசம் புரிகிறது. ஆனால் தோற்கப் பழக்குவதற்குத் தாயத்தைப் போல ஓர் ஆட்டம் கிடையாது. தாயம் விழாமல் காய் இறங்காது. பழம் எடுக்கப் போகிற காயும் வெட்டுப்பட்டால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். அதில் போய்த் தாத்தா வெட்டவேண்டிய காயை வெட்டாமல் விட்டால் பேரனுக்குத் தெரியாதா? கட்டம் எண்ணத் தெரிந்த பிள்ளை அவன். வீட்டில் எப்போதும் ஜெயித்துப் பழகியவன், தெருவில் சம வயதுப் பிள்ளையிடம் தோற்றால் 'அவன் ஏமாற்றிவிட்டான்' என்றுதான் சொல்வான். வயதுக்காகச் சலுகை கொடுக்க வேண்டுமென்றால் ஆட்டம் தொடங்கும் முன்பே வெளிப்படையாகக் கொடுங்கள். கேரமில் தாத்தா இடது கையால் அடிக்கட்டும். பேரனுடைய காய்களில் இரண்டை முன்னதாகவே எடுத்து வைத்துவிடலாம். அதன்பிறகு ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் போட்ட காயைத் திருப்பி வைப்பதும், ரெட்டுக்கு ஃபாலோ போடுவதும் இருவருக்கும் ஒன்றுதான்.

'இனிமேல் ஆடவே மாட்டேன்' என்கிறானே, அவனுக்குச் சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்தைப் பற்றிச் சொல்லுங்கள். உங்களுக்குப் பக்கத்து ஊரான மயிலாடுதுறையில் பிறந்தவர். 2013-இல், தான் வளர்ந்த சென்னையிலேயே, சொந்த மக்களின் கண்ணெதிரே நார்வே வீரர் கார்ல்சனிடம் உலகப் பட்டத்தை இழந்தார். அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. அதோடு ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மறு ஆண்டே, உலகப் பட்டத்துக்கு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் முதலிடம் பிடித்து, அதே கார்ல்சனுக்கு எதிரே மறுபடி உட்கார்ந்தார். அந்த முறையும் தோற்றார். அதற்குப் பிறகும் ஆடுவதை விடவில்லை. இந்தக் கடைசி வரியையும் மறைக்காமல் பையனுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் தெருப் பொங்கல் விளையாட்டு விழாவில் கலந்துகொள்ளும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிசு கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஐந்து வயது வரை கொடுங்கள். அதற்கு மேல் மூன்று பரிசு போதும். என் கவலை பெற்றோரைப் பற்றியது, ஐயா. எலுமிச்சை கரண்டி ஓட்டத்தில் பழத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பவர்கள் அவர்கள்தான். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்துங்கள். கடைசிப் பிள்ளை எல்லைக் கோட்டைத் தொடும்வரை கைதட்டல் ஓயக் கூடாது என்று மைக்கில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கபடியில் என் கை பட்டது தெரிந்தும் எதிரணிப் பையன் படவில்லை என்று சாதித்துவிட்டான். ஒரு புள்ளியில் தோற்றோம். கடைசியில் கைகுலுக்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். தவறா?
– பத்தாம் வகுப்பு மாணவர், நன்னிலம்

பதில்: உன் கோபம் நியாயமானது, தம்பி. ஆனால் எதிரே நின்றவர்கள் ஏழு பேர். பொய் சொன்னவன் ஒருவன். மற்ற ஆறு பேருக்குக் கைகொடுக்காமல் வந்தது சரியில்லை.

பெரிய மைதானங்களிலும் இது நடக்கிறது. ஹாங்சோ ஆசிய விளையாட்டின் கபடி இறுதி ஆட்டம் 2023 அக்டோபர் 7-ஆம் தேதி நடந்தது. இந்தியாவும் ஈரானும் 28-28 என்று நின்றபோது, ஒரு ரெய்டுக்குப் பழைய விதியா புதிய விதியா என்ற தகராறில் ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றுபோனது. இந்தியா 33-29 என்று ஜெயித்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் எந்த விதி என்பதைக் களத்தில் இறங்கும் முன்பே பேசி முடித்திருக்க வேண்டாமா?

இன்னொன்றையும் கேள். அறுவடை முடிந்த வயலில் தாளைச் செதுக்கி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு நடந்த பெண்கள் ஆட்டம். எங்கள் பெண் பாடிப் போய்க் காலை நீட்டிவிட்டுத் திரும்பினாள். பட்டதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அம்பயர் படவில்லை என்றார். எதிரணியில் கார்னரில் நின்ற பெண் கையைத் தூக்கி, 'விரல் நுனியில் பட்டது சார்' என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அவளுடைய அணிப் பிள்ளைகள் முறைத்தார்கள். கபடியில் அவுட் ஆனவர் கதை அதோடு முடிந்துவிடுவதில்லையே. தன் அணி ஒரு புள்ளி எடுத்தால் உள்ளே வரலாம். அடுத்த ரெய்டிலேயே உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் எங்கள் பெண்ணின் கணுக்காலைப் பிடித்தாள் பார், அப்படி ஒரு பிடி! ஆட்டம் எங்களுக்குத்தான். ஆனால் எங்கள் பிள்ளைகள் முதலில் ஓடிப்போய்க் கைகொடுத்தது அவளுக்கு.

உங்களைத் தோற்கடித்த அந்த அணியிடம் இன்னோர் ஆட்டம் கேள். இரண்டு பக்கமும் அம்பயர் நிற்க வேண்டும், சந்தேகம் வந்தால் கேப்டன் மட்டுமே பேச வேண்டும் என்று முன்பே சொல்லிவிடு. உன் மேல் கை பட்டால் நீயே கையைத் தூக்கு.