மருவுக்கான பொடோபிலோடாக்சினை 3 நாள் பூசி 4 நாள் ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள்?

பொடோபிலோடாக்சின் என்பது இமயமலையில் வளரும் பொடோபில்லம் செடியின் கிழங்குவேரிலிருந்து பிரித்தெடுக்கும் பொருள். எச்.பி.வி. வைரஸால் பிறப்புறுப்பின் வெளித்தோலில் வரும் மருக்களுக்கு 0.5% கரைசலாகத் தருகிறார்கள்.

இது வைரஸை நேரடியாகத் தாக்குவதில்லை. செல் இரண்டாகப் பிரிய, அதற்குள் நுண்ணிய இழைகள் கட்டி எழும்ப வேண்டும், அதைத்தான் தடுக்கிறது. சாரம் கட்டவிடாமல் மூங்கிலின் முனையைப் பிடித்துக்கொண்டால் மேல்மாடி எழும்புமா? அப்படித்தான் மரு நசிந்து உதிர்கிறது. ஆனால் நல்ல தோலும் செல் பிரிந்துதான் வளர்கிறது. மருந்துக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் காலை, இரவு என 3 நாள் பூசியபின் 4 நாள் இடைவெளி. புண்பட்ட தோல் ஆறுவது அப்போதுதான். இப்படி அதிகபட்சம் 4 சுற்று.

குச்சி முனையால் மருவின்மேல் மட்டும் தொட்டு வையுங்கள். காய்ந்தபின் உள்ளாடை அணியுங்கள். ஒரு நாளில் அரை மில்லியைத் தாண்டக் கூடாது, தோல் வழியே ரத்தத்தில் அதிகம் கலந்தால் நஞ்சு. கர்ப்பிணிகள் பயன்படுத்தவே கூடாது. வேரை அரைத்துப் பூசுவதும் ஆபத்து, வேருக்கு வேர் மருந்தின் அளவு மாறும்.

மரு உதிர்ந்ததும் வைரஸும் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தோலில் தங்கியிருக்கலாம், மரு திரும்பி வரலாம், துணைக்கும் தொற்றலாம்.