படுத்தால் கூடும் கால்வலி: கேள்வி பதில்

கேள்வி: எட்டு மாதமாக இடது காலில் சுண்டி இழுக்கும் வலி. இரவில் படுத்த ஒரு மணி நேரத்தில் எழுப்பிவிடுகிறது. எழுந்து நடந்தால் குறைகிறது. டிஸ்க் கோளாறு, ஓய்வெடுங்கள் என்கிறார்கள்.

பதில்: எழுந்து நடந்தால் குறைகிறது என்கிறீர்களே, அதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினால் உட்காரும்போதும் குனியும்போதும் வலி கூடும். படுத்தால் பெரும்பாலோருக்குத் தணியும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. தண்டுவட உறைக்குள், நரம்பு வேரில் கட்டி வளரும்போது இப்படி வலிப்பதுண்டு. அஞ்ச வேண்டாம், இத்தகைய கட்டிகள் அரிதானவை. கால்வலிக்குப் பெரும்பாலும் டிஸ்க்தான் காரணம். ஆனாலும் எட்டு மாதம் உறக்கத்தைப் பறித்த வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும். மருத்துவரிடம் இரவு வலியைப் பற்றித்தான் முதலில் பேசுங்கள்.

கேள்வி: எக்ஸ்ரேயில் குறையில்லை. பிறகு ஸ்கேன் எதற்கு?

பதில்: எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நரம்பு தெரியாது.

கேள்வி: அப்பாவின் இடுப்பு எம்.ஆர்.ஐ.யில் லேசான டிஸ்க் வீக்கம் மட்டுமே. வலியோ தாங்க முடியவில்லை.

பதில்: வலியே இல்லாத பலருக்கும் நடுவயதுக்குப் பின் டிஸ்க் வீக்கம் ஸ்கேனில் தெரியும். எனவே அந்த டிஸ்க் தொடும் நரம்பும் அப்பாவுக்கு வலி இறங்கும் பாதையும் ஒன்றுதானா என்று கேளுங்கள். இன்னொன்று: தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்புகளில் முதல் இரண்டின் அருகிலேயே முடிந்துவிடுகிறது. காலுக்கான நரம்பு வேர்கள் அங்கிருந்து குதிரைவால் போலக் கீழே இறங்குகின்றன. வேரின் மேற்பகுதியில் கட்டி இருந்தால் இடுப்பை மட்டும் எடுத்த படத்தின் விளிம்பில் அது தப்பிவிடலாம். சந்தேகம் நீடித்தால் மேலே சேர்த்து, காடோலினியம் மருந்து ஏற்றி எடுக்கச் சொல்வார்கள். அதில் கட்டி பளிச்சென்று துலங்கும்.

கேள்வி: ஷ்வானோமா என்று அறிக்கை வந்திருக்கிறது. புற்றுநோயா? அறுவை செய்தால் கால் விழுந்துவிடுமா?

பதில்: அநேகமாகப் புற்றுநோய் அல்ல. நரம்புக்கு உறையாக இருக்கும் ஷ்வான் செல்களில் தோன்றி மெல்ல வளரும் கட்டி இது. நுண்ணோக்கியின் கீழ், நரம்பை மின்தூண்டலால் சோதித்தபடியே அகற்றுகிறார்கள். கட்டி பெரும்பாலும் உணர்வு இழையில் முளைப்பதால், அந்த இழையை வெட்ட நேர்ந்தாலும் பலருக்குச் சிறிது மரத்துப்போவதோடு நின்றுவிடும். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். உங்கள் கட்டி எந்த வேரில் இருக்கிறது என்பதை அறுவை மருத்துவர் படத்தில் காட்டி விளக்கட்டும்.

கேள்வி: கால்வலியோடு இரண்டு நாளாகச் சிறுநீர் சரியாகப் பிரியவில்லை. தொடையிடுக்கு மரத்திருக்கிறது. மருத்துவர் அடுத்த வாரம்தான் பார்க்கிறார்.

பதில்: அடுத்த வாரம் வேண்டாம். இப்போதே, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் புறப்படுங்கள்.