வரியை எழுதியாச்சு, விளக்கம் எங்கே?

ஐயா,

உரும்பிராய்ப் பக்கம் தரம் 8 பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். புறநானூற்றில் பாரி மகளிரின் ‘அற்றைத் திங்கள்’ பாட்டைக் கொடுத்து, அவர்களின் மனநிலையைச் சான்று காட்டி விளக்கச் சொன்னேன். ‘மகளிர் துயரத்தில் இருந்தனர்’ என்று ஒரு வசனம், பிறகு மேற்கோள் குறிக்குள் ஐந்து வரியும், பிறகு ‘இதிலிருந்து அவர்களின் துயரம் தெளிவாகிறது’. எல்லாக் கொப்பியிலும் இதுதான். விளக்கம் எங்கே என்றால் பொழிப்பை எழுதித் தருகிறார்கள். என்ன செய்யலாம்?

ஓர் ஆசிரியை, யாழ்ப்பாணம்

அன்புள்ள ரீச்சர்,

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பாட்டைக் கண்டால் பொழிப்பு எழுதத்தான் அவர்களைப் பழக்கியிருக்கிறோம். பொழிப்பு, வரி என்ன சொல்கிறது என்பதோடு நின்றுவிடும். நீங்கள் கேட்பதோ, அந்த வரியிலிருந்து இந்த முடிவுக்கு எப்படி வந்தாய் என்று.

முதலில், ஐந்து வரியையும் எழுத விடாதீர்கள். நாலு சொல்லுக்கு மேல் மேற்கோள் கூடாது என்று சொல்லிவிடுங்கள். முழுப் பாட்டையும் சான்று என்று வைத்தால் எதைக் காட்டுகிறோம் என்று பிள்ளைக்கே தெரியாது.

அப்புறம் பாட்டுக்கு வாருங்கள்.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம்; எம் குன்றும் பிறர் கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்று எறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே

இதில் துயரம், அழுகை, கண்ணீர் என்று ஒரு சொல்லாவது இருக்கிறதா? இல்லை. பிறகெப்படித் துயரம் என்று எழுதினாய்? ‘அப்பா செத்துப்போனார் தானே சேர்’ என்பான் ஒருவன் (உங்கள் வகுப்பில் ரீச்சர் என்பான்). சரி, அது நடந்த கதை. அதைச் சொல்லும் விதத்தில் துயரம் எங்கே தெரிகிறது என்று விடாமல் கேட்க வேண்டும்.

முதலில் தகப்பன், அடுத்தது குன்று. இரண்டாம் முறை குன்று முன்னுக்கு வந்துவிட்டது, தகப்பன் கடைசிக்குப் போய்விட்டார். இடத்தை மாற்றிச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘எந்தையும் இலம், எம் குன்றும் கொண்டார்’ என்று முடிந்தால் மலை போனதுதான் காதில் நிற்கும். ‘அப்பா இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் கடைசியில் சொல்கிறார்கள்’ என்று ஒரு பிள்ளை எழுதினால் முழுப் புள்ளியும் போடுங்கள். ‘பெரிய இழப்பைக் கடைசிக்கு வைத்திருக்கிறார்கள்’ என்று இன்னொரு பிள்ளை எழுதினால் அதற்கும் போடுங்கள். சான்று ஒன்றுதான், போன வழி வேறு. நிலவிலும் ஒரு பிள்ளை பிடிக்கும்: அன்றைக்கும் வெண்ணிலவு, இன்றைக்கும் வெண்ணிலவு, அது மட்டும் மாறவில்லை.

‘வென்று எறி முரசின் வேந்தர்’ கொஞ்சம் சிக்கலான இடம். மேலோட்டமாகப் பார்த்தால் புகழ்ச்சி. பழைய உரைகாரர் இதை இகழ்ச்சிக் குறிப்பு என்கிறார். மூவேந்தரும் பாரியைப் போரில் வெல்லவில்லை, வஞ்சித்துக் கொன்றார்கள் என்ற செய்தி தெரிந்தால்தான் அது பிடிபடும். தெரியாத பிள்ளை புகழ்ச்சி என்று எழுதினால் புள்ளியை வெட்டாதீர்கள். தெரிந்த பிள்ளை எழுதும்போது, எது பாட்டில் இருக்கிறது, எது வெளியிலிருந்து வந்தது என்று பிரித்து எழுத வேண்டும். பெரியவர்களே கட்டுரைகளில் இதைக் கலந்தடிக்கிறார்கள்.

‘அழகாகக் கூறியுள்ளார்’, ‘தெளிவாகிறது’ இரண்டையும் இந்தத் தவணைக்குத் தடை செய்யுங்கள். ரியூசன் நோட்ஸ்களில் இவை மலிந்து கிடக்கின்றன. ‘தெளிவாகிறது’ வந்த இடத்திலெல்லாம் சிவப்புப் பேனையால் ‘எப்படி?’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்ததாகக் குறுந்தொகையின் 40ஆம் பாட்டைக் கொடுக்கலாம். அதற்குப் பின்கதை தேவையில்லை. ‘செம்புலப் பெயல்நீர் போல’ அன்புடை நெஞ்சங்கள் கலந்தன என்கிறது. உரும்பிராய்ச் செம்மண்ணில் மழை பெய்தால் தண்ணீர் என்ன நிறமாகும் என்று உங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஆற்று நீர், கடல் நீர் எல்லாம் இருக்க, இந்த நீரை ஏன் எடுத்தார் என்று கேளுங்கள். முதலில் எழுத வேண்டாம், கதைக்க விடுங்கள்.