டிபேட் சேர்ந்தா எஸ்பிஎம் கெட்டுப் போயிடுமா? பினாங்கு பிறையில இருந்து ஒரு அம்மா கேட்டதுக்கு பதில்

அக்கா, உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். மக ஃபார்ம் ஃபோர், அடுத்த வருஷம் ஃபார்ம் ஃபைவ்ல எஸ்பிஎம், அதாவது மலேசியாவோட பள்ளி இறுதிப் பரீட்சை. உங்கள கேக்காமலே டிபேட் (விவாதப் போட்டி) டீம்ல பேர் கொடுத்துட்டு வந்துட்டா, கெமிஸ்ட்ரியும் அட்மேத்ஸும் (கூடுதல் கணிதம்) இப்பவே ஆட்டங்காணுது, சனிக்கிழமை டியூஷன் வேற, இதுல மேடையில நின்னு வாயாடி என்ன கிடைக்கப் போவுதுன்னு கேக்குறீங்க. பெத்தவங்களுக்கு வர்ற பயம்தான். ஆனா என் பதில் இதுதான்: விடுங்க, அதுவும் இந்த வருஷமே விடுங்க, ஃபார்ம் ஃபைவ்ல புதுசா சேர நேரம் இருக்காது.

முதல்ல கோகு (புறப்பாட நடவடிக்கை) மார்க் விஷயத்த முடிச்சிடறேன், ஏன்னா எல்லா அம்மா அப்பாவும் அதைத்தான் முதல்ல கேக்குறாங்க. யூபியு, அதாவது அரசாங்க யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பிக்கிற முறை வழியா போறப்ப, மெரிட் மார்க்ல 90 சதவீதம் படிப்பு, 10 சதவீதம் கோகு. அந்த பத்துலயும் யூனிஃபார்ம் யூனிட், ஸ்போர்ட்ஸ், கிளப்னு எல்லாம் பங்கு போட்டுக்கும். அதனால சர்டிஃபிகேட்டுக்காக மட்டும் டிபேட்னா நானே வேணாம்னு சொல்லுவேன், அந்த நேரத்துல கெமிஸ்ட்ரி படிக்கட்டும்.

நான் சேரச் சொல்றதுக்கு காரணம் வேற. அங்க என்ன நடக்குதுன்னு பாருங்க. பிரிட்டிஷ் பார்லிமென்டரி முறையில ஒரு ரவுண்டுக்கு 4 டீம், டீமுக்கு 2 பேர், தலைப்பு சொன்னதுல இருந்து 15 நிமிஷம்தான் டைம், போன் பாக்க முடியாது, டீச்சரும் உதவ முடியாது. எந்தப் பக்கம் பேசணும்னு நாம முடிவு பண்றதில்ல, அவங்க கொடுக்குற பக்கம்தான். பேச 7 நிமிஷம், நடுவுல எதிர் டீம்காரன் எழுந்து நின்னு கேள்வி கேப்பான். மூணு மூணு பேரா நிக்கிற போட்டிகளும் உண்டு, எதுவானாலும் வேலை இதேதான்.

இப்ப தலைப்பு ‘வகுப்புக்குள்ள ஹேண்ட்போன் யூஸ் பண்ண விடணும்’னு வச்சுக்குவோம். உங்க மகளுக்கு மனசுக்குள்ள விடணும்னுதான் இருக்கும், ஆனா கிடைச்சது எதிர்ப்பக்கம். 15 நிமிஷத்துல ஒரு டீச்சராவும், நல்ல போன் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளையாவும் யோசிச்சு காரணம் தேடணும். அப்புறம் எதிர்ல ஒருத்தன் எழுந்து, அவசரம்னா அம்மாவுக்கு எப்படி கூப்பிடறதுன்னு கேக்குறான். ஸ்கூல் ஆஃபீஸ் போன் இருக்கேன்னு சொன்னா மாட்டிக்குவா, ஸ்கூல் விட்டு பஸ் ஸ்டாப்புல நிக்கிறப்ப ஆஃபீஸ் போன் எங்கன்னு திருப்பிக் கேப்பான். காலையில ஆஃபீஸ்ல கொடுத்துட்டு வீட்டுக்கு போறப்ப வாங்கிக்கட்டும், உங்க பயமும் தீர்ந்துடும் வகுப்பும் கெடாதுன்னு சொன்னா அது பதில். அதைச் சொல்லணும்னா அவன் என்ன கேட்டான்னு காது கொடுத்து கேட்டிருக்கணும், மனப்பாடம் பண்ணிட்டு வந்தத ஒப்பிச்சா வேலைக்கு ஆகாது.

இந்தப் பழக்கம்தான் அக்கா நம்ம பிள்ளைங்கள்ல நிறைய பேருக்கு இல்லாம போவுது. மருத்துவம், சட்டம், ஆசிரியர் பயிற்சி, ஸ்காலர்ஷிப்னு பல இடத்துல இன்டர்வியூ இருக்கு. நல்ல ரிசல்ட் எடுத்த பிள்ளை முதல் கேள்விக்கு அழகா பதில் சொல்லும். ‘நோயாளி சிகிச்சை வேணாம்னா டாக்டர் என்ன செய்யணும்’னு கேட்டா கூட சொல்லிடும். ‘நீ சொல்றத நான் ஒத்துக்கல, ஏன் அப்படி சொல்ற’ன்னு அடுத்த கேள்வி வந்ததும் முகம் வாடி, சொன்னதையே திருப்பிச் சொல்லும். அறிவு இல்லாம இல்ல, எதிர்ல ஒரு பெரியவர் மறுத்துப் பேசுனா எப்படி மரியாதையா நின்னு பதில் சொல்றதுன்னு யாரும் பழக்கிவிடல. யூனிவர்சிட்டிக்கு போக எழுதுற மூயெட் இங்கிலீஷ் பரீட்சையோட ஸ்பீக்கிங்லயும் குரூப் டிஸ்கஷன் இருக்கு, அங்கயும் இதே கதை.

தமிழ்ப்பள்ளியில இருந்து வந்தவ, இங்கிலீஷ் தடுமாறும்னு எழுதியிருந்தீங்க. நல்ல விஷயம், சேர அதுவும் ஒரு காரணம்னு வச்சுக்குங்க. மலாய் மொழியில பஹாஸ்னு டிபேட் இருக்கு, அதுல ஆரம்பிச்சாலும் யோசிக்கிற முறை ஒன்னுதான். 2015ல ஷா ஆலம் யூஐடிஎம் யூனிவர்சிட்டி நடத்துன உலக யூனிவர்சிட்டி டிபேட் போட்டி கேள்விப்பட்டிருப்பீங்க, அந்தப் போட்டியிலயே இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்களுக்குன்னு தனிப் பிரிவு இருக்கு. உலக அளவுலயே அப்படின்னா பிறையில ஒரு ஃபார்ம் ஃபோர் பிள்ளை எதுக்கு கூச்சப்படணும்? ரொம்ப பயந்தான்னா முதல் ஒரு மாசம் டைம்கீப்பரா உக்கார வைக்க சொல்லுங்க, கேட்டு கேட்டே பாதி வந்துடும்.

வீட்ல எதிர்த்துப் பேசுவாளேன்னும் கேட்டீங்க. பேசுவா, ஆரம்பத்துல கொஞ்சம் அதிகமாவே பேசுவா. திட்டாதீங்க, ‘சரி, இப்ப என் பக்கம் நின்னு 7 நிமிஷம் பேசு, அம்மா ஏன் டிபேட் வேணாங்கிறேன்னு நீயே சொல்லு’ன்னு உக்கார வச்சு கேளுங்க. உங்க கவலை அவளுக்கு எவ்வளவு புரிஞ்சிருக்குன்னு அப்ப தெரியும்.

சம்மதப் பாரத்துல சைன் போடறதுக்கு முன்னாடி டீச்சர்கிட்ட மூணு விஷயம் கேட்டுக்குங்க: பிராக்டிஸ் எந்த நாள், வெளியூர் போட்டின்னா பஸ் சாப்பாடு செலவு யாரு, ராத்திரி எத்தன மணிக்கு திரும்புவாங்க. பிராக்டிஸ் சனிக்கிழமைன்னா டியூஷன் சார்கிட்ட வேற நாள் கேட்டுப் பாருங்க. கெமிஸ்ட்ரி மார்க் இறங்குச்சுன்னா வெளியூர் போட்டிய மட்டும் குறைங்க, பிராக்டிஸ நிறுத்த வேணாம். அடுத்த வருஷம் எஸ்பிஎம் ட்ரயல் (மாதிரிப் பரீட்சை) வர்றதுக்கு மூணு மாசம் முன்னாடி அவ டீம்ல இருந்து விலகிக்குவான்னு இப்பவே டீச்சர்கிட்ட சொல்லி வச்சிடுங்க, அப்பதான் அவங்களும் ஜூனியர் ஒருத்தர தயார் பண்ண முடியும்.