இடுப்பு எலும்பு உடைந்தால் ஆபரேஷன் கட்டாயமா? படுத்திருந்தாலே சேராதா?

உங்கள் மாமாவை லாரி இடித்துவிட்டது, "ஆறு வாரம் அசையாமல் படுத்தால் போதும்" என்று வீட்டில் சொல்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதே பேச்சு நடந்தது. புத்தூர் கட்டு போடலாம் என்றுகூடச் சொன்னார்கள்.

பெருங்களத்தூர் பக்கம் ஜிஎஸ்டி ரோட்டில் என் தம்பியின் பைக்கை ஒரு வேன் இடித்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, 108-ல் வந்தவர் ஒரு போர்வையை மடித்து அவன் தொடை தொடங்கும் இடத்தில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். "இன்னும் மேல கட்டுங்க" என்று பதறினேன். "இல்லக்கா, பக்கவாட்டுல ஒரு எலும்பு துருத்தும் பாருங்க, அதுக்கு நேராத்தான் கட்டணும்" என்று சொல்லி, முழங்கால்களையும் சேர்த்துக் கட்டினார்.

அந்தக் கட்டின் அருமை அப்புறம்தான் புரிந்தது. இடுப்பு என்பது ஒரு வளையம். முன்னால் ஒரு மூட்டு; பின்னால், முதுகெலும்பின் அடியில் இருக்கும் சேக்ரத்தோடு இரண்டு மூட்டு. தம்பிக்கு முன்மூட்டு பிளந்து, பின்னால் இடது பக்கமும் விட்டிருந்தது. விரித்த புத்தகம் மாதிரி அகன்றுவிட்டது என்றார் டாக்டர். வளையம் அகன்றால் உள்ளே லிட்டர் கணக்கில் ரத்தம் தேங்கும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. இறுக்கிய போர்வை அந்த வளையத்தை மூடிப் பிடித்திருந்தது.

முன்னால் மட்டும் விரிசல், பின்பக்கம் உறுதி என்றால் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. வலி மாத்திரை, வாக்கர் போதும். பின்பக்கம் முழுசாக விட்டிருந்தால் படுத்திருப்பது மட்டும் போதாது. பாதி இடுப்பு மேலே ஏறி ஒரு கால் குட்டையாகலாம், உட்கார்ந்தாலே வலிக்கலாம். சிடி ஸ்கேன் எடுத்தால் தெளிவாகத் தெரியும்.

தம்பிக்கு அன்று இரவே வெளியிலிருந்து கம்பி வைத்து இடுப்பை அசையாமல் நிறுத்தினார்கள். ரத்த அழுத்தம் சீரானதும், ஆறாம் நாள் முன்னால் பிளேட், பின்னால் சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே மெஷினில் பார்த்துக்கொண்டே நீளமான ஸ்க்ரூ வைத்தார்கள். காலுக்குப் போகும் நரம்பு அந்த ஸ்க்ரூவின் பாதையை ஒட்டியே போகிறது. அதனால் இதை அடிக்கடி செய்து கைப்பழக்கம் உள்ள சர்ஜனாகப் பாருங்கள். பத்து வாரம் இடது காலை ஊன்றவே விடவில்லை. காலில் ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போட்டார்கள், அதை நிறுத்திவிடாதீர்கள்.

பணத்துக்காகத் தயங்க வேண்டாம். தமிழ்நாடு அரசு 2021-ல் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். அதில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை.

நாளை டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது இதைக் கேளுங்கள்: "பின்பக்கம் உறுதியாக இருக்கிறதா, விட்டிருக்கிறதா?" விட்டிருக்கிறது என்றால் நாள் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மூன்று வாரம் தாண்டினால் எலும்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதே பெரும்பாடு.