முந்தைய ஆண்டுகளுக்கான பிள்ளைப் பராமரிப்புப் பணம்

அன்புச் சகோதரி,

2019 இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாண நீதிமன்றம் தீர்மானித்த அதே தொகையையே மகனின் தந்தை இன்றும் அனுப்புகிறார் என்றும், அவருடைய சம்பளம் கூடியதை நல்லூரில் ஒரு கலியாண வீட்டில்தான் அறிந்தீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். கட்டளை ஒன்ராறியோவினுடையது என்பதால், நீங்கள் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிட்டாலும், நிலுவையை ஒன்ராறியோச் சட்டப்படியே கேட்க வேண்டும்.

கனடா உச்ச நீதிமன்றத்தின் 2006 ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, தொகை போதாது என்று நீங்கள் அவருக்கு முதன்முதலில் உணர்த்திய நாளிலிருந்தே நிலுவை பொதுவாகக் கணக்கிடப்படும். ஆனாலும் முறைப்படியான அறிவித்தலுக்கு, அதாவது நீதிமன்ற விண்ணப்பம் போன்றதற்கு, முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு அப்பால் நீதிமன்றம் வழமையாகப் போவதில்லை. ஆனால் வருமான உயர்வை மறைத்தவருக்கு அந்த எல்லை அரணாகாது. வருமானம் கூடிய நாள்வரை நீதிமன்றம் பின்செல்லலாம். ஆகவே "ரியூசன் காசுக்குக் காணாது" என்று எப்போதோ வைபரில் ஒரு வரி அனுப்பியிருந்தாலும், அதைத் திகதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். அந்த ஒரு வரிக்குப் பல மாதப் பணத்தின் பெறுமதி இருக்கக்கூடும்.

கலியாண வீட்டுக் கதை சான்றாகாது. ஆண்டுக்கு ஒரு தடவை நீங்கள் எழுத்தில் கேட்டால், கனடாவில் வசிக்கும் அவர் 30 நாள்களுக்குள் கடைசி மூன்று ஆண்டுகளின் வருமானவரிப் படிவங்களையும் வரி மதிப்பீட்டு அறிவித்தல்களையும் தரக் கடமைப்பட்டவர். இன்றே மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். அது மகனின் உரிமை. அவர் மௌனமாக இருந்தால், மகனுக்கு 18 வயதாவதற்கு முன்னரே ஒன்ராறியோச் சட்டத்தரணி ஒருவர் மூலம் விண்ணப்பித்துவிடுங்கள்.